உண்டிச்சாலையில் காலக் கணக்கு

உளுந்தூர்ப்பேட்டையினின்று சேலம் நோக்கி மேற்கே செல்லும் பெருவழியில் எலவனாசூர்கோட்டை என்னும் ஊர் உளது. பெயரிலேயே கோட்டையைத் தாங்கி நிற்கும் இவ்வூர், அர்த்தநாரீசுவரர் கோயிலால் பண்டே பெயர் பெற்றது. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்று கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இதுவும் அப்புதிய மாவட்டத்தின்பாற் பட்டது. இவ்வழியே இன்னும் மேற்கே சென்றால் தியாகதுருகமும் கள்ளக்குறிச்சியும் சின்னசேலமும் அடுத்தடுத்து வரும். கல்வராயன் மலையின் நீலத் தொடரும் கண்ணுக்குப் புலனாகும். சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே இரவு பகலாய் ஓடும் பேருந்துகள் இவ்வழியில் எங்கேனும் ஓரிடத்தில் நின்று, ஏறியிருப்போர் பசியாறிய பின்னரே மேற்செல்வன. ஆதலின் வழி நெடுகிலும் உண்டிச்சாலைகள் பல உள. பேருந்து நிற்பதோ பதினைந்து நிமிடம். ஓட்டுநர் இரக்கமுடையவராயின் இருபது நிமிடம். அதற்குள் இலை விரிந்து, உணவு வந்து, உண்டு, கை கழுவி, ஏறியமர்ந்து விடவேண்டும்.

யாம் ஒருகால் இவ்வழியில் நண்பர் ஒருவருடன் சேலம் சென்றபோது, பெயர் கூற வேண்டாத ஓர் உண்டிச்சாலையில் பேருந்து நின்றது. கல்லாவில் பணம் கொடுத்துச் சீட்டுப் பெற்றோம். நண்பர் ஊத்தப்பம் கேட்டார்; யாம் 'தோசை, முறுகலாக' என்றோம். நண்பரின் ஊத்தப்பம் வந்தது, அவர் உண்டார், கை கழுவியும் வந்தார். எம் தோசை வரவில்லை. நடத்துநர் சீழ்க்கை ஊதினார். யாம் படியிறங்கும்போது பொன்னிறமாய் முறுகிய தோசையொன்று தட்டிலேறி எம் வெற்றிடத்தை நோக்கிச் செல்லக் கண்டோம். அன்று கள்ளக்குறிச்சி வரையில் எமக்குப் பசியினும் வியப்பே மிகுதியாயிருந்தது. ஊத்தப்பம் தடித்தது, மெல்ல வேகுவது. தோசை மெல்லியது, விரைவில் ஆவது. பின்னதற்கு முன்னது முந்தியது எங்ஙனம்?

திரும்பி வருகையில் அதே கல்லாவிலிருந்தவரை வினவி இதன் காரணம் அறிந்தோம். அவ்விடத்தில் அப்போதுதான் கணிப்பொறி வைத்து, அடுக்களையில் ஒரு திரையும் தொங்கவிட்டிருந்தனர். அத்திரையை நடத்தும் மென்பொருளில் ஊத்தப்பத்துக்கு இத்தனை நிமிடம், தோசைக்கு இத்தனை நிமிடம் என்று எழுதப்பட்டிருந்தது. 'முறுகல்' என்னும் சொல்லுக்கோ நிமிடம் ஒன்றும் எழுதப்படவில்லை. ஒரே சீட்டிலுள்ள பண்டங்கள் ஒருங்கே மேசைக்கு வரவேண்டும் என்னும் நன்னோக்கத்தால், குறுநேரப் பண்டமாகிய தோசையைச் சற்றுத் தாழ்த்தி வார்க்குமாறு திரை காட்டிற்று. மாஸ்டரும் அதன்படியே வார்த்தார். முறுகுவதற்கு வேண்டிய நேரத்தைப் பொறி அறியாது, மாஸ்டர் அறிவார், ஆனால் அவரை ஒருவரும் கேட்கவில்லை. இச்சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இனிப் பொருளுட் புகுவோம். ஒரு பண்டத்தை ஆக்குதற்குச் செல்லும் காலத்தைத் தயாரிப்பு நேரம் என்போம். அரிசி ஊறுவதும், மாவு அரைபட்டுப் புளிப்பதும், பரோட்டா மாவு பிசைந்து எண்ணெயில் ஊறிக் கிடப்பதும் இதில் அடங்கா. அவை பேருந்து வருமுன்னே நிகழ்ந்தவை. சீட்டு அடுக்களையை அடைந்த கணம் தொடங்கிப் பண்டம் தட்டிலேறிப் பரிமாறுவோர் கைக்கு வரும் கணம் வரையுள்ளதே நம் கணக்கு. ஒரு பண்டத்தின்மேல் உண்போர் தம் சுவைக்கும் நோன்புக்கும் உடல்நிலைக்கும் ஏற்பச் சொல்லும் வேறுபாட்டை விருப்பமாற்றம் என்போம். முறுகலாக, நெய்யில், பொடி தூவி, வெங்காயம் இன்றி, காரம் குறைத்து, சர்க்கரை அரையாக, சால்னா தனியாக என்பனவெல்லாம் இவ்வினத்தின. மென்பொருள் செய்வோர் ஒவ்வொரு பண்டத்துக்கும் நேரம் எழுத ஓர் இடமும், ஒவ்வொரு விருப்பமாற்றத்துக்கும் நேரம் எழுத வேறோர் இடமும் விட்டுவைக்கின்றனர். முதலாவதை நிரப்புதல் எளிது. இரண்டாவதைப் பெரும்பாலோர் வெறுமையாய் விடுகின்றனர். அல்லது எல்லாவற்றுக்கும் 'ஒரு நிமிடம்' என்று கைபோன போக்கில் நிரப்புகின்றனர். இவ்விரண்டும் பிழை என்பதும், பிழை எவர் தலையில் விடிகிறது என்பதுமே ஈண்டு ஆராயப்படுவன.

இத்தகைய கணக்கு முன்னாளில் இல்லையோ எனின், இருந்தது. ஆனால் ஏட்டில் இல்லை. நம் ஊர்ச் சிற்றுண்டிச்சாலைகளில் சப்ளையர் மேசையருகே நின்றபடியே, 'ரெண்டு சாதா, ஒரு முறுகல், ஒரு வெங்காய ஊத்தப்பம்' என்று குரல் கொடுப்பார். தோசை மாஸ்டர் ஏறிட்டும் பாரார், தலையசைப்பும் இராது, எனினும் எல்லாம் முறையே வந்து சேரும். முறுகலை எப்போது வார்த்தால் சாதாவோடு சேர்ந்து எடுக்கலாம் என்னும் அறிவு அவர் கையிலும் கண்ணிலும் குடிகொண்டிருந்தது. மேனாட்டிலும் இதனையொத்த வழக்கம் உண்டு. 1890 முதல் இலண்டன் சவாய் ஓட்டலின் அடுக்களையை நடத்திய எஸ்கோபியே என்னும் பிரெஞ்சு நாட்டுச் சமையல் வல்லுநர் வேலையைப் பகுதி பகுதியாய்ப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை நிறுவினார். அம்முறை அடுக்களைகளில் வந்த சீட்டை உரக்கப் படித்து எல்லார்க்கும் அறிவிப்பதற்கே ஒருவர் தனியே நியமிக்கப்படுவார். நம் சப்ளையரின் குரலும் அவர் குரலும் ஒரே தொழிலையே செய்தன.

1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ நகரில் மக்டொனால்டு உடன்பிறந்தார் இருவர் இத்தொல்லையை வேறு வழியில் தீர்த்தனர். பண்டங்களின் தொகையைச் சுருக்கி, எல்லார்க்கும் ஒரே வகையாய் முன்னரே செய்து வைத்து, விருப்பமாற்றம் என்பதையே ஏறத்தாழ ஒழித்துவிட்டனர். விரைவு பெருகிற்று. 1974-இல் அவர்க்குப் போட்டியாளராகிய பர்கர் கிங் நிறுவனத்தார், 'நீவிர் விரும்பியவாறே பெறுக' என்னும் கருத்துப்பட விளம்பரம் செய்து, அவ்வொழிக்கப்பட்ட விருப்பத்தையே தம் முதலாக்கிக்கொண்டனர். நம் தோசைக்கடைக்காரர் இவ்விரண்டு நெறியையும் அறியாமலே, எவர் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்று ஏற்று வந்திருக்கின்றார். ஆதலின் மென்பொருள் நம் அடுக்களைக்கு வரும்போது அதற்கு நேரும் இடர் பிற நாட்டினும் நம் நாட்டில் மிகுதி. ஈண்டு விருப்பமாற்றம் விதிவிலக்கன்று, அதுவே விதி.

அடுக்களைத் திரை செய்யும் வேலை யாது? கல்லாவில் எழுதிய ஆர்டர், தொழிலோர் கே.ஓ.டி. என்றழைக்கும் சீட்டாகவோ திரையில் ஒரு கட்டமாகவோ உள்ளே தோன்றும். கட்டத்தின்மேல் நிமிடங்கள் ஓடும். குறித்த நேரத்துக்குட்பட்டால் பச்சை, அணுகினால் மஞ்சள், கடந்தால் சிவப்பு என்று நிறம் மாறுமாறு அமைப்பதும் உண்டு. சில மென்பொருள்கள், மேலே கூறியவாறு, நெடுநேரப் பண்டத்தை முதலிலும் குறுநேரப் பண்டத்தைப் பின்னும் தொடங்கச் சொல்லி எல்லாம் ஒருங்கே முடியுமாறு செய்யும். பெருநகரங்களில் சொமாட்டோ, சுவிகி முதலிய நிறுவனங்கள் இத்தயாரிப்பு நேரத்தைக் கொண்டே உணவை எடுத்துச் செல்லும் இளைஞரை எப்போது கடைக்கு அனுப்புவது என்று முடிவு செய்கின்றன. எண் குறைவாயின் அவ்விளைஞர் வெயிலில் காத்து நிற்பார். மிகுதியாயின் பொட்டலம் ஆறிக் கிடக்கும். ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட ஒரு சிறு எண், அதை எழுதியவர் காணாத ஒருவரை வெயிலில் நிறுத்துகின்றது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். எலவனாசூர்கோட்டைப் பெருவழியில் ஓர் உண்டிச்சாலை இருப்பதாகக் கொள்வோம். ஈண்டுக் கூறும் நிமிடங்கள் கணக்கை விளக்குதற்பொருட்டு யாம் வைத்துக்கொண்டனவே. மெய்யான கடையில் அவற்றை அளந்தே எழுதுதல் வேண்டும். ஆவியில் ஆயத்தமாயிருக்கும் இட்டிலிக்கு 1 நிமிடம், சாதா தோசைக்கு 3, ஊத்தப்பத்துக்கு 5. முறுகுவதற்கு மேற்கொண்டு 2. ஊத்தப்பம் இருபுறமும் நன்கு சிவப்பதற்கு மேற்கொண்டு 1. ஒரு குடும்பத்தார் வந்து இட்டிலி ஒன்றும், நெய்யில் பொடி தூவிய முறுகல் தோசை ஒன்றும், நன்கு சிவந்த ஊத்தப்பம் ஒன்றும் கேட்கின்றனர்.

முறையான கணக்கின்படி ஊத்தப்பத்துக்கு 6 நிமிடம், முறுகல் தோசைக்கு 5 நிமிடம். ஊத்தப்பத்தை உடனே ஊற்றி, ஒரு நிமிடம் கழித்துத் தோசையை வார்த்து, ஐந்தாம் நிமிடத்தின் முடிவில் இட்டிலியை எடுத்தால் மூன்றும் ஆறாம் நிமிடத்தில் ஒருங்கே தட்டேறும். முறுகலுக்கு நேரம் எழுதாது விட்டாலோ, பொறி தோசையை 3 நிமிடப் பண்டமாகவே எண்ணி மூன்றாம் நிமிடத்தின் முடிவில் வார்க்கச் சொல்லும். அது எட்டாம் நிமிடத்தில் முடியும். மற்றவர் உண்ணும்போது ஒருவர் வெறுந்தட்டை நோக்கியிருப்பார். எமக்கு நேர்ந்தது இதுவே.

மற்றைப் பிழையையும் காண்போம். ஒருவர் எச்சரிக்கை மிகுந்து, முறுகலுக்கு 2, நெய்க்கு 1, பொடிக்கு 1, தனிச் சட்டினிக்கு 1 என்று எல்லாவற்றுக்கும் எழுதி வைக்கின்றார். பொறி அனைத்தையும் கூட்டித் தோசைக்கு 8 நிமிடம் என்று கொள்ளும். அதனை முதலில் வார்க்கச் சொல்லி, ஊத்தப்பத்தை இரண்டு நிமிடம் தாழ்த்தும். தோசையோ மெய்யாக ஐந்தாம் நிமிடத்திலேயே ஆகிவிடும். ஏனெனின் நெய்யை விடுவதும் பொடியைத் தூவுவதும் அது கல்லில் வேகும்போதே நிகழ்வன. சட்டினியை எடுத்து வைப்பவர் வேறொருவர். ஆகிய தோசை மூன்று நிமிடம் தட்டில் காத்திருக்கும். முறுகலுக்கு அம்மூன்று நிமிடம் போதும். தன் ஆவியாலே தான் நனைந்து துவண்டுவிடும். முறுகலுக்கென்று நேரத்தைக் கூட்டி எழுதி, அம்முறுகலையே இழந்தவாறாயிற்று.

ஆதலின் விருப்பமாற்றத்தின் நேரத்தை எழுதுமுன் கேட்க வேண்டிய வினா, 'இதற்கு எத்தனை நிமிடம்?' என்பதன்று, 'இந்நிமிடம் எவர் கையில், எந்தக் கல்லில் விழுகின்றது?' என்பதேயாம். அடுப்பின்மேல் தொடர்ந்து நிகழ்வதாயின் கூட்டுக. அடுப்பில் மற்றொன்று நிகழும்போதே உடன் நிகழ்வதாயின் கூட்டற்க. வேறொருவர் கையில் ஒரே காலத்தில் நிகழ்வதாயின் இரண்டனுள் பெரிதை மட்டும் கொள்க. மசால் தோசையின் உருளைக்கிழங்கு மசாலை நோக்குக. அது முன்னரே வதக்கி வைக்கப்பட்டிருப்பின், தோசை வேகும்போதே கரண்டியால் எடுத்து வைக்கப்படுவதால் ஒரு நிமிடமும் மிகாது. தோசையோடு ஆம்லெட் வேண்டும் என்பதோ பெயரளவில் விருப்பமாற்றம். உண்மையில் அதே கல்லில் இடம் பிடிக்கும் மற்றொரு பண்டம். மென்பொருளில் அதனைத் தோசையின் கீழ் எழுதாது தனியே எழுதுதல் நன்று.

கல்லின் இடம் என்றோமல்லவா? அதுவே இப்பாடத்தின் அரிய பகுதி; சற்றே நின்று நோக்குவோம். தோசைக்கல்லில் ஒரே காலத்தில் நான்கு தோசை வார்க்கலாம் என்று கொள்க. பேருந்து நிற்கும் பதினைந்து நிமிடத்தில் சாதா தோசையாயின் ஐந்து முறை வார்த்து 20 எடுக்கலாம். அனைத்தும் முறுகலாயின் மூன்று முறையே வார்க்கலாகும். 12 தான் கிடைக்கும். ஒருவர் 'முறுகலாக' என்று சொல்லும்போது அவர் தம் காத்திருப்பில் மட்டும் இரண்டு நிமிடம் கூட்டவில்லை; கல்லில் தமக்குரிய கால்பங்கு இடத்தையும் இரண்டு நிமிடம் மிகுதியாய்ப் பிடித்துக்கொண்டு, பின்வருவோரையும் தாழ்த்துகின்றார். இதில் குற்றம் ஒன்றுமில்லை. யாமும் அவ்வாறு கேட்டவரே. ஆயினும் கடை நடத்துவோர் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும். 'பொடி தூவி' என்பது எவர் நேரத்தையும் எடாது. 'பார்சலாக, சட்டினி தனிப் பையில்' என்பது பொட்டலம் கட்டுவோரின் நேரத்தை எடுக்கும். கல்லின் நேரத்தை எடாது. 'முறுகல்' கல்லின் நேரத்தை எடுக்கும். மூன்றுக்கும் ஒரே கட்டத்தில் 'ஒரு நிமிடம்' என்று எழுதுவது, மூவர் கடனை ஒருவர் கணக்கில் எழுதுவதற்கொப்பாகும்.

இன்னும் நுண்ணியது ஒன்றுண்டு. மாஸ்டர் ஒரு முறை வார்த்தெடுத்தபின் கல்லின்மேல் நீர் தெளித்துத் துடைப்பத்தால் வழித்துச் சூட்டைத் தணித்த பின்னரே அடுத்த மாவை வார்ப்பார். சூடு மிக்க கல்லில் மாவு பரவாது சுருண்டு கரண்டியோடு வரும். ரவா தோசைக்கோ மாவை நீர்க்கக் கரைத்து, பரப்பாமல் வீசி ஊற்றுவர். கல் நன்கு காய்ந்திருத்தல் வேண்டும். வேகவும் நேரம் மிகுதி. சாதா தோசைக்குப் பின் ரவா தோசையும், அதன்பின் மறுபடி சாதாவும் என்று மாறி மாறி வந்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் கல்லைச் சூடேற்றவும் தணிக்கவும் சிறிது காலம் கழியும். இக்காலம் எந்தத் தோசைக்கு உரியது? இரண்டிற்குமன்று, இரண்டனுக்கும் இடைப்பட்ட மாற்றத்துக்கே உரியது. ஒரே வகையைச் சேர்த்து வார்ப்பின் அது ஒருமுறையே நேரும். பழகிய மாஸ்டர் திரையின் வரிசையை மீறி, 'ரவா எல்லாம் சேர்ந்து வரட்டும்' என்று நிறுத்தி வைப்பது இதனாற்றான். கணிப்பொறியின் வரிசையை அவர் மதிக்கவில்லை என்று முதலாளி சினப்பதுண்டு. அவர் மதித்தது கல்லை.

முட்டைத் தோசையும் இவ்வினத்தைச் சார்ந்ததே. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்கு மாலையணிந்தோர் இப்பெருவழிகளில் திரள் திரளாய்ச் செல்வர். முட்டை பட்ட கல்லில் வார்த்த தோசையை அவர் ஏலார். ஒரே கல் உள்ள கடையில் அதனை வழித்துக் கழுவித் தேய்த்துக் காயவைத்த பின்னரே அவர்க்கு வார்த்தல் கூடும். 'தூய கல்' என்னும் விருப்பமாற்றத்துக்கு ஐந்து நிமிடம் என்று எழுதிவிட்டால், முட்டையே வாராத காலை வேளையிலும் அவ்வைந்து நிமிடம் வீணே கூடும். எழுதாது விட்டால் மாலை வேளையில் பொய்க்கும். இதற்கு எண்ணால் தீர்வில்லை. இன்னொரு கல்லே தீர்வு. மென்பொருளில் எவ்வெண்ணை எழுதினும் பொருந்தாத இடம் ஒன்று வருமாயின், ஆங்கே அடுக்களையின் அமைப்பிலேயே குறையுளது என்று ஐயுறலாம்.

'இன்றி' என்று முடியும் விருப்பங்களைப் பலரும் நேரமற்றவை என்று தள்ளிவிடுவர். சர்க்கரை இன்றிக் காப்பி என்பதற்கு அது பொருந்தும். வெங்காயம் இன்றி ஊத்தப்பம் என்பதற்கும் பொருந்தும். வெங்காயம் மேலே தூவப்படுவதன்றோ? ஆனால் வெங்காயம் இன்றி ரவா தோசை என்றால், காலையிலேயே வெங்காயம் நறுக்கிக் கலந்து வைத்த மாவு பயன்படாது. தனியே கரைக்க வேண்டும். வெங்காயம் இன்றிச் சாம்பார் என்பதோ அவ்வேளையில் இயலாதது. இயலாததற்கு மென்பொருளில் நேரம் எழுதுவதைக் காட்டிலும் அவ்விருப்பத்தைத் திரையினின்றே நீக்குதல் நேர்மையாகும். உடம்பிற்கு ஆகாமை பற்றிக் கேட்போர் சிலர் உளராதலின், 'சரி' என்று சொல்லிச் செய்யாமல் விடுவது தீங்கும் பயக்கும்.

கொத்துப் பரோட்டா கையிருப்பைப் பொறுத்தது. முன்னரே சுட்டடுக்கிய பரோட்டா இருப்பின் முட்டையும் சால்னாவும் சேர்த்துக் கொத்துதல் சில நிமிட வேலை. அடுக்குக் காலியாயின் உருண்டையை வீசிச் சுற்றிச் சுட்டு, பின்னர்க் கொத்தவேண்டும். ஒரே பெயர், இருவேறு நேரம். பெருந்திரள் வரும் வேளைக்கு முன் அடுக்கை நிரப்பி வைப்பதே இதற்கு வழி.

மேனாட்டு மென்பொருளின் 'எல்லாம் ஒருங்கே' என்னும் விதியைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். நம்மவர் இட்டிலியை முதலில் உண்பர். அது முடியும் தறுவாயில் தோசை வரவேண்டும். காப்பி கடைசியில் வரவேண்டும். காப்பிக்கு 1 நிமிடம் என்று எழுதிவிட்டு எல்லாம் ஒருங்கே என்று விட்டால், தோசையோடு காப்பியும் வந்து, ஆடை படிந்து ஆறும். ஆகவே காப்பியைத் தனிவரிசையாய் வைத்துச் சப்ளையர் கைகாட்டியபின் கலக்குமாறு அமைத்தல் தகும். பேருந்துப் பயணிக்கோ இவ்வொழுங்கெல்லாம் இல்லை. கிடைத்தது முதலில் வரட்டும் என்பார். ஒரே கடையில் குடும்பத்தோடு மகிழுந்தில் வருவோர்க்கு ஒரு முறையும், பேருந்தில் வருவோர்க்கு ஒரு முறையும் வேண்டும்.

இனி அளக்கும் வகை. ஒரு விருப்பமாற்றத்தை அதே மாஸ்டர் கையில், மாற்றத்தோடும் மாற்றமின்றியும் பலமுறை அளந்து, இரண்டன் வேறுபாட்டையே எழுதுதல் வேண்டும். ஓய்ந்த வேளையிலும் நெருக்கடி வேளையிலும் தனித்தனியே அளத்தல் வேண்டும். அளந்தவற்றைக் கூட்டி வகுத்தால் வரும் சராசரி ஏமாற்றும். முறுகல் தோசை ஒன்பது முறை அளக்கப்பட்டு, 4, 4, 5, 5, 5, 6, 6, 7, 12 நிமிடம் ஆயிற்று என்று கொள்க. சராசரி 6, நடுவில் நிற்பது 5. பன்னிரண்டு நிமிடம் ஆனது வாயுச் சிலிண்டர் தீர்ந்து மாற்றியதால் என்று தெரியுமாயின், அதன் பழியை முறுகலின்மேல் ஏற்றுவது முறையன்று. நடு எண்ணைப் பொறியில் எழுதுக. கடையெண்ணின் காரணத்தை மாஸ்டரிடம் கேட்க.

அளப்பவர் எவர் என்பது இவற்றினும் பெரிய வினா. 1911-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், டெய்லர் என்பார் வகுத்த முறைப்படி, வார்ப்புத் தொழிலாளர் பின்னே ஒருவர் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்று அவர் வேலையை அளக்கத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் வார்ப்பாளர் வேலையை விட்டு வெளியேறினர். அந்நாட்டுக் காங்கிரசு இதனை விசாரித்தது; பின்னர்ப் படைச்செலவுச் சட்டங்களில், இத்தகைய கடிகார அளவைக்குப் பணம் செலவிடலாகாது என்றே விதிக்கப்பட்டது. அடுக்களையிலும் இது நேரக்கூடியதே. திரையில் சிவப்பு எரியும்போது கல்லாவினின்று வரும் குரல் மாஸ்டரையே நோக்கி வரும். எண் பிழையாயின், நாளெல்லாம் சிவப்பே எரியும். அவர் அதைப் பாராதிருக்கப் பழகுவார். அல்லது தோசை கல்லிலிருக்கும்போதே 'ஆயிற்று' என்னும் பொத்தானை அமுக்கிப் பச்சையாக்குவார். அதன்பின் அப்பொறியில் பதியும் நேரமெல்லாம் பொய். அப்பொய்யைக் கொண்டு திருத்தப்படும் எண்ணும் பொய். ஆதலின் முதல் எண்ணை மாஸ்டர் வாயால் சொல்லக் கேட்டு எழுதி, பின்னர் அவரும் உடனிருக்க அளந்து ஒப்பிடுதலே நேரிய வழி. எம் அனுபவத்தில் அவர் சொல்லும் எண் அளந்த எண்ணுக்கு மிக அணுகியே நிற்கும். முப்பதாண்டு கல்லின் வெப்பத்தில் நின்றவர்க்குக் கடிகாரம் புதிதன்று.

இவ்வெண்களை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடலாகாது. புதிய கல் வந்தாலும், மாஸ்டர் மாறினாலும், அடுப்பு விறகினின்று வாயுவுக்கு மாறினாலும் மறுபடி அளத்தல் வேண்டும். மழைநாளில் மாவு புளிப்பது தாழ்வதால் ஊத்தப்பத்தின் இயல்பும் சிறிது மாறும்.

இத்துணை முயன்று பெற்ற எண்ணைப் பலர் அடுக்களைக்குள்ளேயே பூட்டி வைக்கின்றனர். அதன் முதற்பயன் கல்லாவிலன்றோ? 'முறுகலுக்கு இப்போது எட்டு நிமிடம் ஆகும். உங்கள் வண்டி எப்போது எடுப்பார்கள்?' என்று பணம் வாங்குமுன் ஒருவர் கேட்பாராயின், பயணி தாமே முடிவு செய்துகொள்வார். அண்மையில் அதே பெருவழியில் வேறொரு கடையில் இக்கேள்வியை எம்மிடம் கேட்டனர். வெளியே ஓட்டுநர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். யாம் இரண்டு இட்டிலி கேட்டு வாங்கி உண்டு, சீழ்க்கைக்கு முன்னே ஏறியமர்ந்தோம்.